ஒரே வீட்டில் இரண்டு அஸர்

எங்கள் வீட்டில் பிற்பகலின் அஸர் தொழுகை மட்டும் இரண்டு முறை வரும். வாப்பாவுக்குத் தென்கடற்கரைப் பக்கம். ஷாஃபி வழி. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்கு நீண்டால் அவருக்கு அஸர் வந்துவிடும். அம்மாவுக்குச் சொந்த ஊர் கம்பம். ஹனஃபி வழி. நிழல் இன்னொரு மடங்கு நீள வேண்டும். இரண்டும் சரிதான் என்று ஓதிக்கொடுத்த உஸ்தாது சொல்லியிருந்தார். ஆகவே வாப்பா முதலில் தொழுதுவிட்டு ஜிஎஸ்டி ரோட்டில் இருந்த தன் ஹார்டுவேர் கடைக்குக் கிளம்புவார். அம்மா நிதானமாகப் பிறகு தொழுவாள். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நான் யாருக்கும் அகப்படாமல் விளையாடுவேன்.

சவூதியிலிருந்து மாமா, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கடிகாரம் கொண்டுவந்தபோதுதான் வம்பு தொடங்கியது. நாங்கள் இருந்த இரும்புலியூரில் லாரி ஹாரனும் மின்சார ரயிலும் சேர்ந்து பள்ளிவாசல் பாங்கை விழுங்கிவிடும். இந்தக் கடிகாரமோ ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும், தானே கணக்குப் போட்டு ஐந்து வேளையும் பாங்கு சொல்லும். ஆனால் அஸருக்கு ஒரு நேரத்தைத்தான் வைக்க முடியும். பின்னாலிருந்த குட்டிப் பொத்தானை ஹேர்பின்னால் குத்தினால் வாப்பாவின் நேரம். மறுபடி குத்தினால் அம்மாவின் நேரம்.

இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். முதலில் சிரித்துக்கொண்டு, பிறகு சிரிக்காமல்.

"எங்க அண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்தது. அதுலயாவது என் நேரம் இருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"அப்ப இத்தனை வருஷமா எல்லாம் என் நேரத்துக்கா நடந்துச்சு?" என்று வாப்பா கேட்டிருக்க வேண்டாம். ஆமாம் என்று அம்மா ஆரம்பித்தாள். சமையல், ஊருக்குப் போவது, அவள் விட்டுவிட்ட டீச்சர் வேலை என்று பேச்சு எங்கெங்கோ போனது. வாப்பா கடிகாரத்தைத் தன் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அம்மா அன்றே கம்பத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு முழு ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனாள். வாப்பாவுக்குச் சமைக்கத் தெரிந்தது முட்டை மட்டும். அம்மா திரும்பவே மாட்டாளோ என்று நான் தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

சில நாட்களில் கடிகாரமும் கெட்டுப்போனது. வாப்பா தொழுது முடித்து, பாயைச் சுருட்டி வைத்து வெகுநேரம் ஆன பிறகே அஸருக்குப் பாங்கு சொன்னது. அதுவரை அவர் கடைக்குப் போகாமல் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைப் பையன் சைக்கிளில் வந்து, "இன்னா பாய், கஸ்டமர்லாம் வந்து வந்து போய்கினு கீறாங்க, நீ இங்க குந்திகினு கீறியே?" என்று கேட்டான்.

"பாங்கு முடியட்டும்டா" என்றார் வாப்பா.

அம்மா தினமும் போன் செய்வாள், என்னோடு மட்டும் பேசுவாள். அன்று நான் கடிகாரத்தைப் பற்றிப் புகார் சொன்னேன்.

"கெட்டுப்போச்சும்மா. நீ இருக்கறப்ப சொல்ற மாதிரி லேட்டாவே சொல்லுது. நீதான் இல்லையே, யாரு குத்துனா?"

"வாப்பா மாத்தலையா?"

"இல்ல. அது சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். பிறகு, "முட்டை சலிச்சுப்போச்சா?" என்று கேட்டாள் அம்மா.

மறுநாள் பரீட்சை முடிந்து வந்தபோது வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடிகாரத்தை ரிப்பேர் செய்யத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் நினைத்தபடியே அவள் ஸ்டூல் போட்டு ஏறினாள். ஓடிப்போய் ஹேர்பின்னைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, கடிகாரத்தின் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

சாப்பிட வந்த வாப்பாவிடம், "அம்மா சரி பண்ணவே இல்ல வாப்பா, சும்மா தொடச்சாங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அன்று பாங்கு லேட்டாகத்தான் சொன்னது. வாப்பா கடைக்கே போகவில்லை. ஒரு கெட்டுப்போன கடிகாரத்தை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.