மிளகாய் எண்ணெய் பாட்டில்

எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக மேசையிலிருக்கும் மிளகாய் எண்ணெய் பாட்டிலை எட்டாத மூலைக்குத் தள்ளிவிடுவேன். "காரம் ஆகாதா உனக்கு?" என்று அலுவலகத் தோழிகள் கேலி செய்வார்கள். காரம் ஆகாமலென்ன! என் நாத்தனாருக்குத்தான் இறால் ஆகாது.

என் கணவரின் தங்கை அவள். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நான் வந்தபோது என்னிடம் ஒட்டிக்கொண்ட முதல் ஆள். சனிக்கிழமை வந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் வீட்டில் கால் தரிக்காது. ஒரு வாரம் கிள்ளான், ஒரு வாரம் பூச்சோங் என்று, நாலைந்து மேசை மட்டுமே போட்ட சின்னக் கடைகளைத் தேடித் தேடி நுழைவோம். ராமென் நூடுல்ஸ் சூப் என்றால் அவளுக்கு உயிர். ஒரு துணுக்கு இறால் போதும், அந்த உயிருக்கே உலை வைத்துவிடும். அதனால் உட்காரும் முன்பே, இறால் இருக்கிறதா என்று மலாயில் விசாரணை தொடங்கிவிடும். "உடாங் அடா?" சூப்பில்? நூடுல்ஸில்? முட்டை ஊறும் சாற்றில்? போலீஸ்காரர்கூட அப்படிக் குடைந்து கேட்கமாட்டார்.

செராஸில் அந்தக் கடையிலும் கேட்டாள். கடைக்காரச் சீன ஆன்டியே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இல்லையென்று கையாட்டினார். அவள் இரண்டு வாய் சூப் குடித்தாள். "சப்புனு இருக்கு லா அண்ணி," என்று மேசையிலிருந்த எண்ணெயை ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினாள். நம் நாக்கு அப்படி, உறைப்பில்லாமல் எதுவும் இறங்காது. மிளகாய்ச் சம்பல் என்றால் தொட்டிருக்கமாட்டாள், அதில் இறால் விழுது சேரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராமென் கடை எண்ணெயில் மிளகாயைத் தவிர என்ன இருந்துவிடப் போகிறது? ஆன்டி தன் கைப்பக்குவத்துக்குக் காய்ந்த இறாலைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சுவார் என்று யார் கண்டது!

உதடு தடித்தது. "அண்ணி, தொண்டை..." என்றவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. அவள் கைப்பையை மேசையில் கவிழ்த்தேன். சீப்பு, சாவி, விபூதிப் பொட்டலம் எல்லாம் உருண்டன. டாக்டர் கொடுத்திருந்த, பேனா மாதிரியான ஊசி கடைசியாக விழுந்தது. தொடையில் வைத்து அழுத்தினேன். ஆன்டி அழுதுகொண்டே அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை, விசில் மாதிரி இழுத்த அவள் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அவளும் பிழைத்தாள். ஆனால் வெளிச் சாப்பாடு நின்றது. "வீட்டுச் சோறு என்ன கசக்குதா?" என்று என் கணவர் கத்தினார். அவள் தட்டை எடுத்து வீட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சனிக்கிழமைகளில் என்னோடு கடைக்கு வருவாள், எதிரே உட்கார்ந்து வெந்நீர் மட்டும் குடிப்பாள். சாப்பாட்டைக் கண்டாலே மலர்கிற முகம் அதைக் கண்டு மிரள்வதை என்னால் தாங்க முடியவில்லை.

பல மாதம் கழித்து, "செராஸ் போலாம் அண்ணி," என்று அவளே சொன்னாள். எங்களைப் பார்த்ததும் ஆன்டி அடுப்பை விட்டு வெளியே வந்தார். எங்கள் மேசையில் மட்டுமல்ல, எல்லா மேசைகளிலிருந்தும் எண்ணெய் பாட்டில்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். புதுச் சட்டியில் சமைத்து அவரே கொண்டுவந்து வைத்தார். அவள் முதல் வாய் விழுங்கினாள். நான் ஊசியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு அவள் கழுத்தையே பார்த்தேன்.

"முறைக்காதீங்க லா, இறங்க மாட்டேங்குது," என்றாள். அவள் கிண்ணம் காலியானபோது என்னுடையது ஆறிப் போயிருந்தது.

இப்போது வேலை மாற்றலாகி பினாங்கில் இருக்கிறாள். அங்கே புதிதாக ஒரு கடைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு ஒரு படம் அனுப்புவாள்: கிண்ணம், பக்கத்தில் ஊசி. நேற்று பூச்சோங்கில் நான் பாட்டிலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்த நேரத்தில் படம் வந்தது, கூடவே அவள் குரலும்.

"நானும் தள்ளி வெச்சிட்டேன் அண்ணி. ஆறிப் போவுது, சாப்பிடுங்க."