சாமியாடியின் பேட்டி

பாளையங்கோட்டையில் நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, அரைநாள் வேலையை முடித்துக்கொண்டு பெரியவர்கள்தான் வருவார்கள். தேவாலய வளாகத்து மாடியில் ஓர் அறை, ஏழெட்டு நாற்காலிகள், ஒரு கரும்பலகை. வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் எல்லாருக்கும் நான் டீச்சர்.

அந்த வருஷம் வந்தவர்களில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தார். முக்கூடல் பக்கம். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். கத்தாரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், போனில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள் என்று சேர்ந்திருந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். வாயை மட்டும் திறக்கமாட்டார். இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து ஒரு முழு வாக்கியம் நான் கேட்டதில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்திருந்தது. டவுனில் ஒரு தெருவில் நடந்த அம்மன் கோயில் கொடைவிழாவைப் பற்றியது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டது, பஸ்களைத் திருப்பிவிட்டது, கூட்டத்தில் காணாமல் போன குழந்தை கிடைத்தது என்று எல்லாம் எளிய வாக்கியங்கள். வகுப்புக்கு ஏற்றதென்று நகல் எடுத்துக் கொடுத்தேன். செய்தி எழுதியவர் போலீஸ்காரரைக் கேட்டிருந்தார், டீக்கடைக்காரரைக் கேட்டிருந்தார். சாமியாடியை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நாம் கேட்போம் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் கொடைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபம் பண்ணுவார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்ததுதான்.

சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டேன். ஆளுக்கொரு வேஷம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி நிருபர். கேட்கவேண்டிய கேள்விகளைப் பலகையின் ஒரு பாதியில் எழுதினேன். உங்கள் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள், இன்று ஏன் வந்தீர்கள். மறுபாதியில், பேசுகிறவர் சொல்லச் சொல்லப் பதிலை எழுதிவைத்துப் பிறகு பிழை திருத்துவது என் வழக்கம்.

எலக்ட்ரீஷியன் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். எழுந்து என்னிடம் வந்து அதை மேஜையில் வைத்தார்.

“இது வேண்டாம் டீச்சர். வேற தாங்க.”

சாமியாடி என்று எழுதிய சீட்டு.

“கூச்சப்பட்டா இங்கிலீஷ் வராதுங்க” என்றேன்.

“கூச்சம் இல்ல டீச்சர். வெளையாட்டுக்குக்கூட அது பேரை இழுக்கக் கூடாது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. “ரெண்டே நிமிஷம்” என்று சொல்லி, எல்லாருக்கும் முன்னால் கிடந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன்.

மேளக்காரர் சீட்டு ஒரு வேன் டிரைவருக்கு விழுந்திருந்தது. அவர் உற்சாகமான மனிதர். வேஷத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மேஜையில் விரல்களால் கொட்டத் தொடங்கினார். முதலில் மெதுவாக. ஊரில் கேட்டு வளர்ந்த அடி போலும், கை தானாக வேகம் பிடித்தது.

எலக்ட்ரீஷியனின் முழங்கால் நடுங்குவதை முதலில் பார்த்தது நர்ஸ்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பயம் என்று நினைத்து, கேள் என்று கையைக் காட்டினேன்.

“வாட் இஸ் யுவர் நேம்?”

அவர் தலை குனிந்திருந்தது. ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. டிரைவர் கொட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் நடுக்கம் நிற்கவில்லை, நாற்காலியின் கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன.

“வேர் டு யூ கம் ஃப்ரம்?” நர்ஸின் குரல் இறங்கிப்போயிருந்தது. பலகையைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனாள். நிறுத்தத் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

“ரிவர்.”

ஆறு. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது.

எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி.

“ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் த்ரீ இயர்ஸ்.”

மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் இலக்கணப் பிழை இல்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகு அவர் பக்கவாட்டில் சரிந்தார். நர்ஸ் ஓடிப்போய்த் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

கண் விழித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னத்தச் சொன்னேன்?” என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். அப்போதுதான் என் கையில் சாக்பீஸ் இருப்பது எனக்கே தெரிந்தது. பெயர், ஆறு, அந்த வாக்கியம், எல்லாவற்றையும் வழக்கம்போல் நான் பலகையில் எழுதியிருந்தேன்.

எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“வெயிட்டிங்னா காத்துக்கிட்டு இருக்கதுதானே டீச்சர்?”

“ஆமா” என்றேன்.

அதற்குப் பிறகுதான் சொன்னார். அவர் ஊரில் அவர்தான் சாமியாடி. மூன்று வருஷத்துக்கு முன், கொடைக்குத் தீர்த்தம் எடுக்க ஆற்றுக்குப் போனபோது அவர்மேல் அருள் வந்தது. கரையில் அவர் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், குடத்தோடு இறங்கிய அவர் மனைவி வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. “எனக்கு நெனவு வரும்போது எல்லாரும் தண்ணிக்குள்ள தேடிக்கிட்டு இருந்தாங்க. யாரைத் தேடுதீங்கன்னு நானே கேட்டேன்.” மறுநாள் கிடைத்தாளாம். அந்தப் பலகையில் இருந்தது அவள் பெயர். அன்றிலிருந்து அவர் ஆடவில்லை. ஆற்றுப் பக்கமே போகவில்லை. கத்தாருக்குப் போவதும் அதற்காகத்தான்.

போன மாதம் அந்த வாக்கிய அமைப்பை நான்தான் நடத்தியிருந்தேன், பஸ்ஸுக்குக் காத்திருப்பதை உதாரணம் வைத்து. அது அவர் மனதுக்குள் கிடந்திருக்கும், பயத்தில் வெளியே வந்திருக்கும். இப்படி எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்தார். “வெள்ளிக்கிழமை கொடை டீச்சர். தீர்த்தம் எடுக்க நான் எறங்குதேன். நீங்க வந்தா நல்லாருக்கும்.”

போகாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன். நல்ல வெயில். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் படித்துறையின் மேல்படியில் நின்றேன். அவர் மஞ்சள் வேட்டியில் குடத்தோடு இறங்கினார்.

“பைய, பைய. அங்கன ஆழம்” என்று யாரோ கத்தினார்கள்.

மார்பளவு தண்ணீரில் போய் நின்றார். மேளம் உச்சத்துக்குப் போனது. அருள் வரவில்லை. அடித்து அடித்துக் கை ஓய்ந்து மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் அவர் அசையாமல் நின்று, தனக்கு எதிரே தண்ணீரைப் பார்த்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தி, கேட்டு, தலையசைத்து, மறுபடியும் பேசினார்.

வெகுநேரம் கழித்துக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு ஏறி வந்தார். அவர் மாமியார் துண்டைக் கொண்டுபோய்த் தோளில் போர்த்தினாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“கொஞ்சம் பேச வேண்டியிருந்துச்சு டீச்சர்.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். “பதில் வந்துச்சா?”

“வந்துச்சு. தமிழ்லதான் பேசுனா” என்றார்.

புரட்டாசியில் அவர் கத்தாருக்குப் போனார். எப்போதாவது போனில் பேசுவார். வேலை நன்றாக இருக்கிறதாம், நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

எனக்குத்தான் சரியாகவில்லை. வகுப்பு நடக்கிறது, செய்தித்தாளை வைத்துத்தான் இப்போதும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளில் முதல் ஆளாக மாடி ஏறுவதில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வளாகத்து வேப்பமரத்தடியில் நிற்பேன். யாராவது ஒருவர் வந்த பிறகு, அவரோடு பேசிக்கொண்டே போய்க் கதவைத் திறப்பேன்.