பதிவேட்டில் இல்லாத தீ

குன்னூருக்கு மேலே, யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரங்களுக்கு நடுவே இருக்கும் ராணுவச் சாமான் கிடங்கு ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் தீயணைப்பு வேலை பார்த்தேன். சீருடைக்காரர்கள் எங்களைச் சிவிலியன் என்பார்கள். ஊர்க்காரர்கள் மிலிட்டரிக்காரர் என்பார்கள். இரண்டு தரப்புக்கும் நாங்கள் பாதி ஆள்தான். கிடங்குக்குள் கூடாரத் துணி, டயர், பெயின்ட், எண்ணெய்ப் பீப்பாய்கள். வேலிக்குக் கீழே தேயிலை எஸ்டேட், அதை ஒட்டித் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். தீப்பிடிக்கட்டும் என்றே யாரோ பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்தது போன்ற இடம்.

கடைசிப் பத்து வருஷம் நான் தலைமை ஃபயர்மேன். கூடவே ஊழியர் தரப்புப் பிரதிநிதியும் நான்தான். நான்கு மாதத்துக்கு ஒரு முறை கிடங்கின் தலைமை அதிகாரியான கமாண்டண்ட் தலைமையில் நிர்வாகத் தரப்பும் ஊழியர் தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவோம். காலியிடம், பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவது என்று எல்லாம் அங்கேதான் பேச வேண்டும். வாயால் சொல்வது எதுவும் அங்கே எடுபடாது, காகிதம் வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாக வரும் பிரதிநிதிகளுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் மலையில் டிசம்பர் கடைசியில் உறைபனி விழத் தொடங்கும். ஒரு மாதத்தில் சரிவிலுள்ள புல்லெல்லாம் வெளுத்துக் காய்ந்துவிடும். சாலையோரம் சமைத்துச் சாப்பிடும் சுற்றுலாக்காரர் அணைக்காமல் போன அடுப்பு, வீசியெறிந்த பீடித்துண்டு, உரசும் மின்கம்பி, ஏதோ ஒன்று போதும். வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது வேலியோரம் தீப்பிடிக்கும். சீகை மரக் கொப்பை ஒடித்து அடித்தும், தண்ணீர் பீய்ச்சியும் அணைத்துவிடுவோம். புகை ஆபீஸ் ஜன்னலை எட்டும் முன்னே வேலை முடிந்துவிடும். எங்கள் திறமை மேல் எங்களுக்கு அவ்வளவு கர்வம்.

ஆனால் அதைப் பதிவேட்டில் எழுதமாட்டோம். எழுதினால் விசாரணை. மூன்று அதிகாரிகள் வந்து உட்காருவார்கள், எல்லோருக்கும் லீவு ரத்தாகும், எலக்ட்ரீஷியனோ காவலுக்கு நின்றவரோ யாராவது ஒருத்தர் தலையில் பழி விழும். கமாண்டண்டின் பேரிலும் ஒரு கறை ஏறும். பல வருஷம் முன்பு ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே இந்தியில் கேட்டார், "அணைந்துவிட்டதில்லையா, பிறகு எதற்கு எழுத வேண்டும்?" அடுத்து வந்தவருக்கு அதைக் கேட்கவே தேவைப்படவில்லை. நாங்களாகவே பழகிவிட்டோம். தினமும் மாலையில் "சம்பவம் ஏதுமில்லை" என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். சாட்சியாக, எங்கள் இரண்டு தீயணைப்பு வண்டிகளில் இரண்டாவதை ஓட்டிய டிரைவர் கீழே போடுவார். ஏழு வருஷம் இப்படியே போயிற்று. தீயே இல்லாத கிடங்கு என்று எங்களுக்குக் கேடயம் கூடக் கொடுத்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன்.

அந்த டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. என்னைவிட எட்டு வயது இளையவர், என்னை அண்ணா என்பார். குறுகலான மலைப் பாதையில் தண்ணீர் நிரம்பிய வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போய் சரியான இடத்தில் நிறுத்துவார். இறங்கியதும் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். மனைவி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். ஒரே மகள் குன்னூரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு ஜூன் மாதக் கூட்டத்தில், நிகழ்ச்சிநிரலில் ஏழாவதாக, தீயணைப்புப் பிரிவின் ஆள் எண்ணிக்கை மறு ஆய்வு என்று போட்டிருந்தார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நிர்வாக அதிகாரி ஏழு பதிவேடுகளை மேஜையில் அடுக்கினார். அவரும் சிவிலியன்தான், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். கமாண்டண்ட் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷமாக ஒரு தீ கூட இல்லை. இரண்டு வண்டி, இரண்டு குழு எதற்கு?" என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விடை தெரிந்தவர் குரல்.

"தீ வந்திருக்கிறது சார்" என்றேன்.

"எங்கே எழுதியிருக்கிறது?"

அறையிலிருந்த பத்துப் பேருக்கும் பதில் தெரியும். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. டீ இடைவேளையில் நிர்வாக அதிகாரி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "ஏனுங்க, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. தீ வந்துச்சுன்னு நீங்க சொன்னா, ஏழு வருசமாப் பொய் எழுதுனீங்கன்னு ஆயிரும். உங்களுக்கு மட்டுமில்லைங்க, கீழ கையெழுத்துப் போட்டவருக்கும் சார்ஜ் ஷீட் வரும். வேலையே போயிரும்." சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை ஏழு வருஷம் தினமும் மாலையில் உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

உள்ளே போய், தெரிந்த வித்தையைக் காட்டினேன். உடனே ஒழிக்க வேண்டாம், ஒரு வருஷம் ஒரே குழுவை வைத்துப் பரிசோதனை செய்யலாம், அடுத்த ஜூனில் மறுபடி பார்க்கலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது குழுவில் சிலர் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். டிரைவர் உபரி ஆள் என்று மத்தியப் பிரதேசத்தில் ஒரு டெப்போவுக்கு அனுப்பப்பட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். மகளின் படிப்பு பாதியில் நிற்க வேண்டாமென்று மனைவி, வேலிக்குக் கீழே லயத்திலிருந்த தன் அம்மா வீட்டுக்கு மகளோடு போனார்.

ஆகஸ்டில் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். "ஒரு வருசந்தான். திருப்பிக் கொண்டாந்துருவேன். இனி ஒரு பொறி விழுந்தாலும் எழுதிருவேன்" என்றேன்.

"சரிங்கண்ணா. நீங்க இருக்கையில எனக்கென்ன?" என்றார். அந்த நம்பிக்கை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அதன் பிறகு நடந்ததை வீட்டில்கூட நான் சொன்னதில்லை. அந்த வருஷம் நான் தீக்காகக் காத்திருந்தேன். முதல் உறைபனி விழுந்த காலையில் புல்லை மிதித்தேன், மொறுமொறுவென்றது. மனசுக்குள் ஒரு திருப்தி. சாலையோரத்தில் யாராவது அடுப்பு மூட்டினால் விரட்டுவது என் வழக்கம். அந்த வருஷம் இரண்டு தடவை பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்துவிட்டேன். ஒரு தீ வந்தால் போதும், எழுதிவிடலாம், ஆளைக் கொண்டுவந்துவிடலாம். தீயணைக்கச் சம்பளம் வாங்கியவன் புகை வாசனைக்காக மூக்கை நீட்டிக்கொண்டு திரிந்தேன். இதைவிடக் கேவலம் வேறு எதுவும் நான் செய்ததில்லை.

ஆனால் ஜனவரி முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. குருவி கூடக் கத்தாத மாதிரி ஓர் அமைதி. இரண்டாவது வண்டி ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் நின்றது.

பிப்ரவரியில், கமாண்டண்ட் ஊரில் இல்லாத ஒரு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், தீ வந்தது. நான் ஆசைப்பட்ட சின்னத் தீ அல்ல. சாலை வளைவிலிருந்து கிளம்பி, காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு வேலியின் முழு நீளத்துக்கும் ஓடியது. கற்பூர மரத்துப் பட்டைகள் எரிந்துகொண்டே பறந்தன. நாங்கள் ஐந்து பேர், ஒரு வண்டி. வண்டியை எண்ணெய்க் கொட்டகைப் பக்கம் நிறுத்தினால் கீழ்ச்சரிவு திறந்து கிடக்கும். கீழே நிறுத்தினால் கொட்டகை போகும். வெளியிலிருந்து வண்டி வந்து சேர முக்கால் மணி நேரமாகும். கொட்டகைப் பக்கமே நிறுத்தச் சொன்னேன். லயத்தில் ஆள்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தேதான் சொன்னேன்.

அப்போது கீழ்க் கேட் திறந்தது. அங்கே காவலுக்கு நின்றது எங்கள் சௌகிதார், அவரும் சிவிலியன். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இருபது பேருக்கு மேல் உள்ளே ஓடி வந்தார்கள். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து, வாய்க்காலில் நனைத்து, வரிசையாக நின்று புல்லை அடித்தார்கள். முன்னால் நின்றது டிரைவரின் மனைவி. புருஷனிடம் கேட்டுப் பழகியதோ என்னவோ, காற்று மாறும்போதெல்லாம் மற்றவர்களை நகர்த்தி நிறுத்தினார். கீழ்ச்சரிவுத் தீயை அவர்கள்தான் நிறுத்தினார்கள். நாங்கள் அங்கே போகவே இல்லை. மூன்றரை மணிவாக்கில் பள்ளத்திலிருந்து மூடுபனியாய் மஞ்சு ஏறி வந்து மிச்சத்தை ஈரமாக்கியது. டிரைவர் மனைவியின் வலது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது.

"உங்க கொட்டகை தப்பிச்சுதுங்களா?" என்று கேட்டார்.

"தப்பிச்சுதும்மா" என்றேன்.

அன்று மாலை பதிவேட்டை விரித்தேன். தீ எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது, எவ்வளவு தண்ணீர் செலவானது, ஒன்று விடாமல் எழுதினேன். பெண்கள் வந்த இடத்தில் பேனா நின்றது. அனுமதிச் சீட்டில்லாமல் ஒரு வெளியாள் உள்ளே வந்தாலே பெரிய குற்றம். இருபது பேர் என்றால் கேட்டைத் திறந்த சௌகிதார் அன்றைக்கே சஸ்பெண்ட். அனுமதியில்லாமல் நுழைந்ததாகப் பெண்கள் மீதும் கேஸ். சௌகிதார் வாசலில் வந்து நின்றார். நிர்வாக அதிகாரி, "அத எழுதாம விட்டுருங்க, பாவம், நல்லது செய்ய வந்தவீங்க" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டேன். "தீயணைப்புக் குழுவினர் ஐவரால் அணைக்கப்பட்டது. யாருக்கும் காயமில்லை" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு போனேன். கமாண்டண்ட் நிதானமாகப் படித்தார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம். "இத்தனை பெரிய தீ. ஒரே வண்டி, ஐந்து பேர். சேதம் இல்லை, காயம் இல்லை. பாராட்டுகிறேன். பரிசோதனை வெற்றி" என்றார். நிர்வாக அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது குழுவின் பணியிடங்கள் நிரந்தரமாக ரத்து என்று குறிப்பில் ஏறியது. வாயைத் திறந்தேன். வாசலில் நின்ற சௌகிதாரின் முகம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். குறிப்பின் அடியில் ஊழியர் தரப்பு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

டிரைவருக்குப் போன் செய்யத் துணிச்சல் வரவில்லை. முதலில் அவர் மனைவியிடம் சொல்லிவிடலாமென்று லயத்துக்கு இறங்கினேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து விறகுச் சுள்ளிகளை ஒடித்துக்கொண்டிருந்தார். கையில் தோல் சுருங்கி, பளபளவென்று ஒரு நிறமாக இருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இடது கையால்தான் ஒடித்தார். கொழுந்து பறிக்க இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை என்று அவர் அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

நடந்ததைச் சொன்னேன். புருஷன் திரும்பி வரமாட்டாரா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நாங்க வந்து அணைச்சத எழுதலைங்களா?" என்று கேட்டார்.

சௌகிதாரைப் பற்றி, கேஸைப் பற்றி, எல்லாம் விளக்கினேன். பேசப் பேச என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காயமில்லைன்னு எழுதுனீங்களாக்கும்" என்றார்.

"ஆமாம்மா."

சுள்ளிகளைக் கட்டாக்கி எழுந்தார். மேலே வேலியையும் அதற்குப் பின்னால் தெரிந்த எண்ணெய்க் கொட்டகையின் தகரக் கூரையையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்கண்ணா. அடுத்த பனிக்குப் புகை தெரிஞ்சா நாங்க மேல வரமாட்டோம். லயத்துல எல்லாரும் பேசி முடிச்சுட்டோம். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போயிருவோம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பனிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.