மாத்தி வச்சாச்சு

என் மகள் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். பாறசாலைச் சந்தையில் நின்று இதைச் சொன்னால் போதும், "பிள்ளைக்கு நேத்துலேருந்து பனியாக்கும், மகள் எப்பம் வருவா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். இங்கே பனி என்றால் காய்ச்சல். அவள் காய்ச்சல் பார்க்கிற டாக்டர் இல்லை என்று நான் விளக்கத் தொடங்கினால், மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள். எனக்கும் விளக்குவதற்குப் பிடிக்கும். பள்ளிக்கூடம் போகாதவள் நான். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். ஆனால் மகளின் வேலை எனக்கு நன்றாகத் தெரியும்.

எலும்புக்குள் மஜ்ஜை உண்டு. அதில் குருத்து மாதிரி சில அணுக்கள் இருந்துகொண்டு ரத்தத்தை உண்டாக்குகின்றன. தென்னையில் குருத்து போனால் மரம் போச்சு. தென்னைக்கு வேறு குருத்து வைக்க முடியாது, பிள்ளைகளுக்கு வைக்கலாம். அதுதான் இவள் வேலை. அதைப் படிக்க வெளிநாடு போய், வருஷக்கணக்கில் எலிகளோடு இருந்தாள். "டாக்டருக்குப் படிச்சவ எலி வளக்காளாம்" என்று எங்கள் சபையில் ஒரு அக்கா இரக்கப்பட்டாள். "நீங்க பூனை வளக்கியளே, டாக்டர் ஆனீங்களா?" என்று கேட்டேன். சிரிப்பை அடக்குவதிலேயே இருந்ததால் அன்று என்ன பிரசங்கம் என்று எனக்கு நினைவில்லை.

கொல்லயில் ஊரில் ஒரு பஸ் கண்டக்டரின் சின்ன மகளுக்கு ரத்தம் ஊறாமல் போனது. தகப்பன் என்னிடம் வந்தான். நான் மகளின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சோதித்துப் பார்த்ததில் பிள்ளையின் அக்காவுடைய மஜ்ஜை பொருந்தியது. தாய் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் தங்கினாள். லீவெல்லாம் தீர்ந்துபோனதால் தகப்பன் இங்கே நின்று வேலைக்குப் போனான்.

மகள் என்னிடமும் தகப்பனிடமும் முன்னாலேயே சொல்லியிருந்தாள். "பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அழிச்சிருவோம். அதுக்குப் பிறகு புதுசு வச்சே ஆகணும். நடுவுல நிக்க முடியாது."

புதுசு வைக்கிற அன்று சாயங்காலம் அவன் தோளில் டிக்கெட் பையோடு நேராக என் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மச்சி, நர்ஸ் போன்ல விளிச்சா. மாத்தி வச்சாச்சாம்."

அந்த நர்ஸ் மலையாளத்துப் பெண். மலையாளத்தில் கல்யாணத்தையோ பரீட்சையையோ மாற்றி வைத்தார்கள் என்றால், தள்ளிப் போட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு முந்தின வாரம்தான் மழை காரணமாக நெய்யாற்றின்கரையில் ஒரு கூட்டத்தை அப்படி மாற்றி வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மகளுக்கு போன் போட்டோம். அடித்து அடித்து நின்றது.

"பழசை அழிச்சாச்சு, புதுசும் இல்ல" என்றான் அவன். "எனக்க பிள்ளை எதுல நிக்கும் அம்மச்சி?"

தேயிலை போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. அப்போது மகளே கூப்பிட்டாள்.

"மாத்தி வச்சாச்சா மக்கா?"

"வச்சாச்சும்மா. மத்தியானமே."

"எப்பத்துக்கு?"

"எப்பத்துக்கா?"

"எந்த நாளைக்குன்னு கேக்கேன். அதுவரைக்கும் பிள்ளை இருக்குமா?"

 அவள் சிரித்துவிட்டாள். "அய்யோ அம்மா, தள்ளி வைக்கல்ல. பழசை மாத்திப் புதுசைப் பிள்ளைக்குள்ள வச்சாச்சுன்னாக்கும் அந்தப் பெண்ணு சொன்னது."

அவன் போனை வாங்கிக்கொண்டான். "எங்க கீறினீங்க டாக்டரே?"

"கீறவே இல்ல. அக்காகிட்ட எடுத்ததைக் குழாய் வழியா ரத்தம் ஏத்துற மாதிரி ஏத்தினோம். இவ கார்ட்டூன் பாத்துக்கிட்டு கிடந்தா. ஆனா சந்தோசப்பட நேரம் ஆகல்ல. இனி அது எலும்புக்குள்ள பிடிக்கணும்."

அவன் ஆறிப்போன தேயிலையைக் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் முக்கைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, "பிடிச்சா அம்மச்சி?" என்பான். நான் கையை விரிப்பேன். நான் ஏதோ கோழிக் கள்ளனைத் தேடி நிற்கிறேன் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். தனுவச்சபுரம் காலேஜுக்குப் போகிற பெண்கள்கூட அவனோடு சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள். மகளிடம் கேட்டால் "பொறுங்கம்மா" என்பாள். அவளும் தூங்குவதில்லை என்று குரலிலேயே தெரியும்.

ஒரு காலையில் அவள் கூப்பிட்டு, "அம்மா, பிடிச்சிட்டு. வெள்ளை அணு ஏறுது. அந்த அண்ணன் போனை எடுக்கல்ல, நீங்க சொல்லிருங்க" என்றாள். நான் செருப்பு போடாமல் ரோட்டுக்கு ஓடினேன். பஸ் வந்தபோது நடுரோட்டில் நின்று, "எலே, பிடிச்சாச்சு" என்றேன். டிரைவர் நிறுத்தினார். அவன் இறங்கி வந்து என் கையைப் பிடித்தான். டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. பிறகு அவன் போய் ஏறிக்கொண்டு, போகலாம் என்று டபுள் பெல் கொடுத்தான்.

இப்போது மகள் இன்னொரு ஆராய்ச்சியில் இருக்கிறாள். புற்று வந்த பிள்ளையின் ரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து, புற்றை அடிக்கப் பழக்கி, திரும்ப உள்ளே விடுவது. நம் வீட்டுப் பையனையே போலீசில் சேர்த்து நம் தெருவுக்கே காவல் போடுகிற மாதிரி என்று சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதான் என்று மகளும் ஒத்துக்கொண்டாள்.

போன தடவை லீவில் வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு கொல்லயிலுக்குப் போனாள். சின்னவளுக்கு முடி காதுவரை வளர்ந்திருந்தது. கண்டக்டரின் மனைவி கோழி பொரித்துப் பரிமாறினாள்.

"எட்டி, அந்தக் காலை இங்க தா" என்றாள் பெரியவள். "உனக்குள்ள ஓடுறது எனக்க ரத்தமாக்கும்."

"அப்பம் நான் தின்னா நீ தின்ன மாதிரி தானே" என்று சின்னவள் கோழிக்காலைக் கடித்தாள்.

பெரியவள் என் மகளைப் பார்த்து, "டாக்டரே, நீங்க சொல்லுங்க, நியாயமா?" என்றாள்.

"உன்கிட்ட எடுத்த இடத்துல திரும்ப ஊறியாச்சு மக்களே" என்றாள் மகள். "நீ அடுத்த காலை எடுத்துக்கோ."

அடுத்த காலை அதற்குள் நான் எடுத்திருந்தேன்.