கூரை ஒழுக்குப் பெட்டி

போன வாரம் தெமோதரை ஸ்டேஷன் பக்கம் ஒரு லொறியில் தேயிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தடித்த காகித மூட்டைகள். தேயிலை மரப்பெட்டியில் போன காலத்தை இன்று யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும். பலகையும் தகர ஓரமும் உள்ளே ஈயத்தாளுமாக இருந்த அந்தப் பெட்டிகளுக்குத் தனி வாசனை உண்டு. அதை நினைத்தால் எனக்குத் தேயிலை ஞாபகம் வருவதில்லை, கடுதாசிதான் ஞாபகம் வரும்.

அறுபதுகளின் கடைசியில், பதுளைக் கடைவீதியில் ஒரு மாடியில் இருந்த தொழிற்சங்கக் காரியாலயத்தில் கிளாக்கராகச் சேர்ந்தேன். ஒரு அறை முழுக்கத் தரையிலிருந்து ஜன்னல் வரை பழைய கடிதங்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஊவாத் தோட்டங்களிலிருந்து வந்த முறைப்பாடுகள். "இதையெல்லாம் ஒழுங்கு பண்ணுய்யா" என்றார் மாவட்டப் பிரதிநிதி ராக்கப்பன் அண்ணன். கீழே மளிகைக்கடை வைத்திருந்த காசிம் நானா பழைய தேயிலைப் பெட்டிகளைச் சும்மாவே கொடுத்தார். காகிதம் அரிக்கும் இராமபாணப் பூச்சி வராமலிருக்கப் புகையிலைக் காம்பும் அவர் உபயம்.

எனக்கு அப்போது எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய திமிர். பெட்டிகளுக்குப் பெரிய பெரிய தலைப்புகளாக எழுதி ஒட்டினேன்: 'வேலை நீக்கம்', 'பிரஜாவுரிமை', 'பிறப்பு, இறப்பு', 'மருத்துவம்'. கடிதத்தின் முதல் வரியைப் படிப்பேன், அது எதைப் பற்றியோ அந்தப் பெட்டியில் போடுவேன். ஒரு நாளைக்கு நூறு கடிதம்கூட முடித்திருக்கிறேன். அந்த வேகத்தில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

'கூரை ஒழுக்கு' மட்டும் மூன்று பெட்டி நிறைந்துவிட்டது. "எல்லாம் ஒரே விஷயந்தான் அண்ணே. பத்துக் கடிதத்தை மாதிரிக்கு வச்சிட்டு மிச்சத்தை எரிச்சிரலாம்" என்றேன். "ஒழுகினது ஒரே கூரையாய்யா?" என்று மட்டும் கேட்டார் அண்ணன். பெட்டிகளைக் கட்டி ஒரு மூலையில் அடுக்கினேன், கொஞ்சம் கோபத்தோடுதான்.

இரண்டு மூன்று வருடம் போயிருக்கும். லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து செல்லம்மா என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அன்றைய வேலையை விட்டுவிட்டு, காலை பஸ்ஸில் வந்திருந்தாள். தோட்டத்து ஆட்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை தானாகக் கிடைக்காத காலம். அதற்கு மனுப் போட்டிருக்கிறாள், அடுத்த வாரம் அரசாங்கக் கச்சேரியில் விசாரணை. இங்கே பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. தோட்டத்துப் பழைய பதிவுப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டதாம். அம்மா இவள் குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள், அப்பா வீரனும் போன வருடம் இறந்துவிட்டார்.

"அப்பா சங்கத்துக்கு அடிக்கடி எழுதிப் போடுவாருங்க. எதாச்சும் இருக்குமாங்க, கிளாக்கரய்யா?"

இரண்டு நாள் தேடினேன். 'பிறப்பு, இறப்பு' பெட்டியில் இல்லை. 'பிரஜாவுரிமை'யிலும் இல்லை. கையை விரித்தபோது அண்ணன் சொன்னார்: "ஒரு தோட்டத்து ஆளு கடுதாசிய எதுல ஆரம்பிப்பான்? கூரையில, இல்லாட்டித் தண்ணியில. அங்க பாருய்யா."

'கூரை ஒழுக்கு' இரண்டாவது பெட்டியின் அடியில் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்து, வீரன் கைநாட்டு வைத்த கடிதம். மேலே சங்கத்தின் தேதி முத்திரை. செல்லம்மா மறுபடி வந்த அன்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

'எங்கள் லய வீட்டு வரிசையில் ஆறாம் காம்பரா அறையின் கூரைத் தகரம் பெயர்ந்து மூன்று மாதமாக ஒழுகுகிறது. சொல்லியும் கவனிப்பாரில்லை. போன திங்கட்கிழமை என் சம்சாரம் அங்கம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஈரத்தரையில் கிடந்து ஜன்னி கண்டு வெள்ளிக்கிழமை இறந்துபோனாள். குழந்தை இருக்கிறது. அதற்காவது கூரை போட்டுத் தரவும்.'

செல்லம்மா அழவில்லை. "இன்னொருக்கா படிங்க" என்றாள். படித்தேன். "அங்கம்மாதானுங்க, அம்மா பேரு. காய்ச்சல்னு மட்டுந்தான் அப்பா சொல்லியிருக்காரு" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு தாய் இறந்த கடிதத்தை நான் முதல் வரியோடு நிறுத்தி, கூரை என்று போட்டிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் அது சாம்பலாகியிருக்கும்.

விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் குழந்தை இவள்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா சொன்னாள்: "அந்தக் கூரைய இன்னைக்கு வரைக்கும் போட்டுத் தரலைங்க. இப்பவும் நான் ஆறாம் காம்பராவுலதான் இருக்கேன். வந்து பாத்துக்கச் சொல்லுங்க." மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்ததும், அதிகாரி பேனாவை மூடிவைத்தார். பிறகு கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அவளுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

அதன் பிறகு என் தலைப்புகளை எல்லாம் கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் கடைசி வரி வரை படித்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் அகர வரிசையில் ஒரு பேரேட்டில் ஏற்றினேன். 'பெண் குழந்தை, பெயரில்லை' என்றுகூட எழுதினேன். பத்து வருட வேலை. முன்பு போல ஒரு நாளைக்கு நூறு முடியாது, பத்து முடிந்தாலே அதிகம். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பலர் வெறுங்கையோடு போகவில்லை.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கடைவீதி எரிந்தபோது மாடியும் எரிந்தது. பெட்டிகளும் பேரேடும் ஒன்றும் மிஞ்சவில்லை. நாங்கள் உயிரோடு தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான்.

ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. அடுத்த வருடம் கொஸ்லந்தயிலிருந்து ஒருவர் என் வீட்டைத் தேடி வந்து, தன் அப்பாவின் பெயரைச் சொன்னார். அந்தக் கடிதம் எனக்கு ஞாபகம் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளுக்குப் பால் கேட்டு அவர் எழுதியிருந்தார். சொன்னேன். "அதையே எழுதிக் குடுங்க" என்றார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிரஜாவுரிமைக் கந்தோரில் அதை ஏற்கவில்லை. அதைச் சொல்லவே மெனக்கெட்டுத் திரும்பி வந்தார்.

"பரவாயில்லங்க. எங்கப்பா பாலு கேட்டிருக்காருன்னு தெரிஞ்சிச்சே."

அப்படி ஒரு இருபது முப்பது கடிதங்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. இப்போது ஏழோ எட்டோதான்.