பொட்டு வைக்கும் கை

என் அம்மா கல்யாணப் பெண்களை அலங்கரித்துச் சம்பாதித்தவள். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய பியூட்டி பார்லர். ஒரு பெரிய கண்ணாடி, சுழலும் நாற்காலி ஒன்று, வாசலில் பச்சைத் திரை. அந்தத் திரைக்கு உள்ளே அப்பாகூடக் கேட்டுவிட்டுத்தான் வருவார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் ஆட்டோ ஓட்டினார். விடியற்காலை முகூர்த்தம் என்றால் அம்மாவையும் அவளுடைய அலங்காரப் பெட்டியையும் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவது அவர்தான். "மொதலாளியம்மா, ஏறுங்க" என்பார். அம்மா முறைத்துக்கொண்டே ஏறுவாள்.

தொழிலில் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பின்னல், பூ, புடவை மடிப்பு எல்லாவற்றிலும் உதவிக்கு வரும் பக்கத்துத் தெருப் பெண்ணைக் கைவைக்க விடுவாள். பொட்டை மட்டும் கடைசியில் அவளே வைப்பாள். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு எழுந்துபோகிற வேலையே கிடையாது. குங்குமத்தைக் குழைத்து, பெண்ணின் தாடையை இடது கையால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வைப்பாள். அவள் பொட்டு வைத்தால் ராசி என்று ஊரில் பேச்சு. "ராசியாவது ஒண்ணாவது" என்று வாய் சொல்லும். முகத்தில் பெருமை வழியும்.

அந்த ராசி ஒரே நாளில் போனது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா பிறகு எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் அம்மா பார்லரைத் திறந்தாள். புருவம் திருத்தவும் முடி வெட்டவும் எப்போதும்போல ஆட்கள் வந்தார்கள். கல்யாண வேலைதான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. தாலி இழந்தவள் மணப்பெண்ணைத் தொட்டுப் பொட்டு வைப்பதா என்பதுதான் விஷயம். அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. போனில்தான், அதுவும் தேன் தடவி. "ஒங்களுக்கு எதுக்குக்கா இந்த நேரத்துல அலைச்சல்? ஒத்தாசைக்கு வருமே, அந்தப் பொண்ண அனுப்புங்க, போதும்." பிரான்சில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு வந்து இங்கே கல்யாணத்தை நடத்தும் குடும்பம் ஒன்று அம்மாவை "மதாம், மதாம்" என்று கொண்டாடும். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். அத்தனை தூரம் போய் வந்தும் இந்த ஒரு மூட்டையை மட்டும் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு அம்மா வீட்டில் இருந்திருக்கலாம். பார்லருக்கு வேலை தங்கியிருக்கும். நானே அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

"நான் எதுக்குடி ஒளிஞ்சிக்கணும்? என்னாத்த திருடிட்டேன்? வந்தா நான்தான் வருவேன். வேணாம்னா வேற ஆளப் பாத்துக்கட்டும்."

அவர்களும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆடி போய் ஆவணி வந்தும் அலங்காரப் பெட்டி பீரோ மேலேயே கிடந்தது. அம்மா அதை எடுத்துத் துடைத்துத் திரும்ப மேலே வைப்பாள். எனக்கு அழுகை முட்டும். அவள் எதிரில் அழப் பயம்.

மழைக்காலம் முடியும்போது பிள்ளைச்சாவடியிலிருந்து ஒருத்தி வந்தாள். மீன் வியாபாரம் செய்கிறவள். தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றாள். அம்மா அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எனக்கு வூட்டுக்காரர் இல்ல. தெரியுமில்ல? நாளைக்கு மண்டபத்துல வந்து மூஞ்சி சுளிக்கக் கூடாது."

வந்த வியாபாரத்தை இப்படி வாசலிலேயே வைத்து மிரட்டுகிறவளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மீன்காரம்மா அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குந்தான் இல்ல. கடலுக்குப் போன மனுஷன், திரும்பல. நான் கூடையத் தூக்காம இருந்திருந்தா இந்தப் பொண்ண யாரு வளத்திருப்பா? என் கையால வித்த மீன ஊரே தின்னுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆவல. நீ வந்து வையிக்கா."

அம்மா போனாள், வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பந்தியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். மீன்காரம்மா போட்ட ஒரே சத்தத்தில் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அதன்பின் அந்த மணப்பெண்ணின் தோழிகள், தோழிகளின் தங்கைகள் என்று வேலை மெல்லத் திரும்பியது. அம்மா ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தானே மண்டபங்களுக்குப் போனாள். முன்பு வேண்டாம் என்றவர்களில் சிலரும் வந்தார்கள். அம்மா பழசைக் கிளறவில்லை. குத்தலாக ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் என் கல்யாணம் வந்தது. மண்டபத்து அறையில் அம்மா எனக்குத் தலை பின்னி, புடவை மடிப்பைக் குத்தி, கண்ணுக்கு மை தீட்டினாள். குங்குமத்தையும் குழைத்தாள். குழைத்த கையோடு உதவிப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "என் தங்கச்சியக் கூப்புடு. அவ வந்து பொட்டு வெக்கட்டும்" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது.

"ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் வெச்சியே?"

"அதுங்க ஊரு பொண்ணுங்க. நீ என் பொண்ணு."

"அப்ப நீயும் அதையெல்லாம் நம்புறியா?"

"நம்பலடி. பயமா இருக்கு."

நம்பாமலே பயப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் விடவில்லை. சித்தி வந்து வாசலில் நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை. பெண்ணை அழைத்து வரச் சொல்லி ஐயர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். "நீ வெக்கலனா வெறும் நெத்தியோடதான் மணையில போய் உக்காருவேன்" என்றேன். நான் அவள் வயிற்றில் பிறந்தவள், சொன்னால் செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். என் தாடையைப் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு பொட்டை வைத்துவிட்டு, விரலைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி நான் அரியாங்குப்பத்துக்குக் குடிபோனதிலிருந்து அம்மா தினம் சாயங்காலம் போன் செய்வாள். "மாப்ள வந்துட்டாரா?" வந்துவிட்டார் என்றால் உடனே வைத்துவிடுவாள். வரவில்லை என்றால் வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பாள். மாமியாருக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று என் கணவருக்கு ஒரே பூரிப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் நல்ல மழை. அவர் வர நேரமாகிவிட்டது, போனையும் எடுக்கவில்லை. அம்மா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தொப்பலாக நனைந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குள் அவர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "என் கை ஒண்ணும் பண்ணல" என்றாள். அவர் விழித்தார். எனக்குப் புரிந்தது. துண்டை எடுத்து வந்து தலையைத் துவட்டிவிட்டேன். 

மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு முகூர்த்தம் இருந்தது. போய்ப் பொட்டு வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் எத்தனையோ பெண்களுக்கு வைத்தாள். அம்மாவைத் தைரியசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் நான் அடம்பிடித்து வாங்கிக்கொண்ட அந்தப் பொட்டுக்காக அவள் ஒவ்வொரு சாயங்காலமும் பயந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நினைத்தால்தான் அவள்மேல் எனக்கு அடக்க முடியாத அன்பு வருகிறது.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. பார்லரை இப்போது அந்த உதவிப் பெண்தான் நடத்துகிறாள். சாயங்காலம் எங்கள் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்கிறது. அவர் வந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.