அன்புச்செல்வி டிக் போடுவதற்குள்

‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று திரையில் ஒரு கட்டம் வந்துவிட்டால் போதும், அன்புச்செல்வி சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கரண்ட் சோதிக்கும் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைக் கையில் எடுத்து, அந்தக் கட்டத்துக்கு மேலே நீளமாகக் கிடக்கும் ஆங்கில நிபந்தனைகளை வரிவரியாகத் தொட்டுத் தொட்டு வாசிப்பார். நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டுவிட்டு நகர்கிற இடம் அது. என் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டுத் தரச் சொல்லிக் கொண்டுபோன அன்று, காலை முழுக்க எனக்கு அங்கேயே போயிற்று.

“வெச்சுட்டுப் போங்க சார். கடைசி பாராவுல ஒரு சந்தேகம் இருக்குது” என்றார்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி, ஓர் இளநீர்க் கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது அவருடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. சிடி டிரைவ் சிக்கிக்கொண்டால் வளையலில் கோத்திருக்கும் ஊக்கை எடுத்து ஓட்டையில் ஒரு குத்து, வாயைத் திறந்துவிடும். கடை வாசலில் ஜெர்மன், ரஷ்யன் என்று பல மொழிகளில் அட்டைகள் தொங்குகின்றன. மடிக்கணினி சரியாகிவிட்ட மகிழ்ச்சியில் ஆசிரமத்துக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவை. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படிக்காமல் அவர் ஒத்துக்கொண்டது அவற்றை மட்டும்தான்.

இந்தக் கடை கிடைப்பதற்குள் அவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. “இங்க வெள்ளைக்காரங்களுக்குத்தான் விடறதுன்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க சார். எங்க ஊர்ல எனக்கே எடமில்ல, பாத்துக்குங்க” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் மறந்தவர் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது.

தண்டராம்பட்டுப் பக்கம் அவர்களுக்கு நிலம் இருக்கிறது. மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே அவர் ஒரு பெட்டி செய்தார். உள்ளே ஒரு பழைய செல்போன். கரண்ட் வந்ததும் விவசாயிக்கு அது மிஸ்டு கால் கொடுக்கும். அவர் திருப்பிக் கூப்பிட்டால் மோட்டார் ஓடும். தகரத்தை வெட்டிப் பெட்டியை ஒட்டித் தந்தவர் மணிவேல், அதே ஊர்க்காரர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பெட்டியை இயக்கும் கம்ப்யூட்டர் நிரலில் பாதி எழுதியவர் ஷிரீன்.

ஷிரீன் ஈரானில் ஷிராஸ் நகரத்துக்காரர், எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியை. ஆசிரமத்துக்கு வந்து பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியவர், மடிக்கணினியைச் சரிபார்க்கக் கடைக்கு வந்தார். மேசைமேல் கிடந்த பெட்டி டக டகவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தார். அதன்பின் தினமும் வந்தார். ஊருக்குப் போகிற வரை இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து வேலை செய்தார்கள். போன பிறகு மெயிலில் நிரல் போகும், வரும். எது கடைசியாகத் திருத்தியது என்பதில்தான் குழப்பம். ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘இதான் புதுசு’ என்ற பெயர்களில் கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் ரகசியத்தைப் பூட்டி வைப்பதில்லை என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். யாரும் செய்துகொள்ளலாம், யாரும் திருத்தலாம். அதற்கு நிரலையும் வயரிங் வரைபடத்தையும் எல்லோரும் எடுக்கும்படி இணையத்தில் வைக்க ஓர் இடம் வேண்டும். இலவசமாக இடம் தர எத்தனையோ தளங்கள் இருந்தன. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் விவசாயிகள் கண்காட்சி வரவிருந்தது. தள முகவரிக்கு மட்டும் இடம் விட்டு நோட்டீஸ்கூட அச்சடித்துவிட்டார் மணிவேல்.

“எல்லாரும் வெக்கற பெரிய எடம்க்கா. ஒரு டிக்கு போட்டா முடிஞ்சுது” என்று அவசரப்பட்டார்.

அன்புச்செல்வி சம்மணம் போட்டார். சிவப்பு முனை ஊர்ந்துகொண்டே போய் ஒரு வரியில் நின்றது.

“மணிவேலு, இங்க பாரு. சில நாட்டுக்காரங்க இதுல சேரக் கூடாதுன்னு போட்டிருக்கான். ஈரானும் இருக்குது.”

“அந்தம்மா நமக்கு மெயில்ல அனுப்பட்டும். நாம நம்ம பேர்ல ஏத்திக்கலாம்.”

“பாதி வேலை அவங்க செஞ்சது. அவங்கள வாசல்லயே நிக்க வெச்சுட்டு நான் மட்டும் உள்ள போயி உக்காருவேனா?”

முனையைக் கீழே வைத்தார். டிக் விழவில்லை.

மணிவேல் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கண்காட்சியில் முகவரி இல்லாத நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். “அட்ரஸ் அப்புறம் வருங்க” என்று அவர் சொல்லச் சொல்ல, பெரியவர் ஒருவர், “கம்பெனி ஓடிப்போச்சா தம்பி?” என்று அக்கறையாக விசாரித்தார். அதன்பிறகு வாரக்கணக்கில் மணிவேல் அக்காவிடம் பேசவில்லை. ஆனாலும் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டு, பேசாமல்தான் போனார்.

அன்புச்செல்வி தேடிக்கொண்டே இருந்தார். அடுத்த தளம் பார்க்க லட்சணமாக இருந்தது; எந்த நாட்டுக்கும் தடையில்லை. ஆனால் அந்தத் தளத்தை ஓட்டுகிற நிரல் மட்டும் ரகசியம். “நம்மளுத எல்லாத்தையும் தொறந்து காட்டறோம். அவன் வூட்டு சமையக்கட்டு மட்டும் பூட்டிக் கெடக்குது. நாளைக்குக் காலி பண்ணுன்னா, சட்டி பானையோட வெளிய வர முடியுமான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று அதையும் தள்ளினார். எனக்கே சற்று அலுப்பாகிவிட்டது. மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்பதில்லை.

கடைசியில் சிக்கியது, சம்பளமில்லாத தொண்டர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற சின்னத் தளம். பார்க்கக் கரண்ட் பில் மாதிரி இருந்தது. நிபந்தனைகள் ஒரே பக்கம்தான். ஆனால் இடம் கொடுப்பதற்கு முன் ஓர் ஆள் எல்லாக் கோப்புகளையும் பிரித்துப் பார்ப்பாராம். சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது: ஒவ்வொரு கோப்பின் தலையிலும், யார் வேண்டுமானாலும் இதைத் திருத்தலாம் என்ற அனுமதியை எழுதவேண்டும். வயரிங் வரைபடம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில்தான் திறக்கிறது, எல்லோரும் அதை எங்கே போய் வாங்குவார்கள்? யாரும் காசில்லாமல் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய சுதந்திரமான மென்பொருளில் வரைந்து அனுப்புங்கள்.

“இன்னும் என்னாதான் வேணுமாம் அவங்களுக்கு?” என்று மணிவேல் மௌனத்தைக் கலைத்துவிட்டார்.

அன்புச்செல்விக்கோ முகமெல்லாம் சிரிப்பு. “படிச்சிருக்காங்க மணிவேலு. ஒவ்வொரு பைலா தொறந்து படிச்சிருக்காங்க.” உலகத்தில் தன்னைப்போல் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்த சந்தோஷம் அது.

அந்த வரைபடம், ஊரில் எல்லோரிடமும் இருக்கிற திருட்டு சிடியில் வந்த மென்பொருளில் போட்டது. இவ்வளவு நிபந்தனை படிக்கிறவர் அதை எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டேன்.

“அதுல அந்த நிபந்தனைப் பக்கமே வரல சார். ஒடைச்சுக் குடுத்தவன் அத எடுத்துட்டிருக்கான்” என்றார், சற்று வெட்கத்துடன்.

வரைபடம் முதலிலிருந்து தொடங்கியது. மணிவேல் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகச் சொல்ல, அன்புச்செல்வி வரைந்தார். “சேப்பு ஒயரு ரிலேவுக்குப் போவுதுக்கா. இல்ல இல்ல, இரு.” சண்டை எப்போது முடிந்தது என்று இருவருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது, நான் டீ வாங்கி வரப் போயிருந்தேன்.

தளத்தில் இடம் கிடைத்தது. ஷிரீனுக்குத் தகவல் போயிற்று. சேருகிறவரிடம் அந்தத் தளம் பெயரும் மெயிலும் மட்டுமே கேட்டது. எந்த நாடு என்று எழுத அங்கே கட்டமே இல்லை. ஆனாலும் அன்புச்செல்விக்கு நம்பிக்கை வரவில்லை. ஈரானிலிருந்து பக்கமே திறக்காமல் போனால்? கழற்றிப் போட்ட மதர்போர்டுகளை விட்டுவிட்டு, அந்தத் திரையையே திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது திரையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. நிரலில் ஒரே ஓர் எண் திருத்தப்பட்டிருந்தது. திருத்தியவர் பெயர் ஷிரீன். பக்கத்தில் குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்: “சரி பண்ணிட்டேன் அக்கா.”

அன்புச்செல்வி அதைச் சத்தமில்லாமல் வாசித்தார். எழுந்து நின்றார். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பழைய மானிட்டரின் கன்னங்களை மேலிருந்து கீழாக வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டுகளில் வைத்து அழுத்தினார். பத்து விரலும் படபடவென்று சொடுக்கு விட்டன.